தேமல் விழாத பைன்: அவலரக்கும் பிளாக் ஜப்பானும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். பைன் மரச் சாமானை வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு, திட்டுத்திட்டாக இல்லாமல் கொண்டுவர வேண்டும் என்றால் கலர் டப்பாவில் காசைக் கொட்டாதீர்கள். கலருக்கு அடியில் என்ன பூசுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு புத்தக அலமாரியைப் பலி கொடுத்தேன், கிட்டத்தட்ட இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் அதிலேயே போயின. கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தவை இரண்டு பழைய சரக்குகள்: அவலரக்கு, பிளாக் ஜப்பான். ஒன்று ஆசாரிமார் காலங்காலமாக மரத்துக்குப் பூசுகிற அரக்கு, மற்றது இரும்பு கேட்டுக்கு அடிக்கிற கருப்பு வார்னிஷ். அந்த இரண்டுக்கும்தான் இந்த விமர்சனம்.

கதை இப்படி ஆரம்பித்தது. தாத்தா காலத்துத் தேக்கு பீரோ ஒன்று எங்கள் ஹாலில் நிற்கிறது. வயசாகி, கை பட்டு, எண்ணெய் பட்டு, கருத்துப்போன தேக்கு. அதற்குப் பக்கத்தில் மகளுக்கு ஒரு புத்தக அலமாரி வேண்டும். தேக்கு விலை விற்கிற விலைக்கு அதில் அலமாரி செய்தால் புத்தகம் வாங்கக் காசு இருக்காது. அதனால் இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து வரும் பைன் பலகையை வாங்கினேன். (வாங்குவதாக இருந்தால் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றிருந்தால் பூச்சி கொல்ல மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. எம்.பி. பலகையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.) ஆசாரி அழகாகச் செய்துகொடுத்தார். வெள்ளை வெளேரென்று, பிசின் வாசனையோடு வந்து நின்றது. "சார், இதை அப்படியே கிளியர் அடிச்சு விட்டுடுங்க, கலர் மட்டும் போடாதீங்க" என்றார். நான் கேட்கவில்லை.

கடையில் 'வால்நட்' என்று ஒரு ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம், கொடுத்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் தப்பு அந்த டப்பாவில் இல்லை. துணியில் தொட்டு நேராக மரத்தில் இழுத்தேன். முதல் பத்து நொடி சொர்க்கம். அப்புறம் ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் கருவளையம், நடுப்பலகையில் மேகம் மேகமாகத் திட்டு, ஓரங்களில் கரியைப் பூசினாற்போல் கருப்பு, பிசின் கசிந்த இரண்டு இடத்தில் ஒன்றுமே ஏறாமல் பளிச்சென்று வெள்ளை. வீட்டில் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்குத் தேமல் வந்திருக்கு" என்றார்கள். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பைனில் ஒரு வருஷ வளையத்துக்குள்ளேயே இரண்டு விதமான மரம் இருக்கிறது. வசந்தத்தில் விறுவிறுவென்று வளரும் பகுதி வெளுப்பாக, கிட்டத்தட்ட பஞ்சு மாதிரி இருக்கும். வருஷக் கடைசியில் மெதுவாக வளரும் பகுதி செம்பழுப்புக் கோடாக, நகம் பதியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கும். கலரைத் தடவினால் பஞ்சு குடித்துக்கொண்டே இருக்கும், கெட்டிக்கோடு வாயைத் திறக்காது. ஆக, இயற்கையில் வெளுப்பாக இருந்த இடம் கருத்துவிடும், கருப்பாக இருந்த கோடு வெளுப்பாக நிற்கும். பழைய போட்டோ நெகட்டிவ் பார்த்தவர்களுக்குப் புரியும், மரம் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. கணுவைச் சுற்றி இழை வளைந்து மேலே முட்டிக்கொண்டு வருவதால் அங்கே இன்னும் அதிகமாகக் குடிக்கும். குறுக்கே அறுத்த முனையைச் சொல்லவே வேண்டாம், அது வைக்கோல் கட்டின் வெட்டுவாய் மாதிரி, ஊற்ற ஊற்ற உறிஞ்சும். தேக்குக்கு இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு வராது என்பதால்தான் நம் ஊர் பாலிஷ்காரர்கள் பலர் பைனைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள்.

இனி வந்த வழியெல்லாம் திரும்பிப் போகிற வேலை. 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, அப்புறம் 180. பஞ்சுப் பகுதியில் இறங்கிய கலர் எளிதில் வராது. கை மரத்துப்போனதுதான் மிச்சம், பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். இந்தத் தடவை புத்தியாக, ஆசாரியிடம் மிச்சம் கிடந்த வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

மரத்தை 320 வரை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கி அப்புறம் கலர் போடு என்று ஒரு யோசனை. திட்டு கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிறமும் ஏறவில்லை, வெளிர் டீ மாதிரி நின்றது. ஸ்டெயினுக்கு முன்னால் பூசும் 'கண்டிஷனர்' ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அதில் எழுதியிருந்த நேரக் கணக்குப்படியே பூசினேன், தேமல் போகவில்லை, கொஞ்சம் மங்கியது. இரண்டு தடவை பூசினால் பலன் கிடைக்குமோ என்னவோ, அந்த விலைக்கு எனக்கு மனசு வரவில்லை. அடுத்தது ஜெல் ஸ்டெயின். அமெரிக்க ஜெனரல் ஃபினிஷஸ் கம்பெனியின் 'ஜாவா' என்ற நிறம், நண்பர் ஒருவர் தன் தேவைக்கு வரவழைத்து மிச்சம் வைத்திருந்தார். இதை மனசாரப் பாராட்டுகிறேன். தயிர் மாதிரி கெட்டியாக இருப்பதால் மரத்துக்குள் ஓடாமல் மேலேயே உட்காருகிறது, அதனால் பஞ்சு, கெட்டி என்ற பேதம் பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டு கை போட்டால் நல்ல அடர்த்தி வந்துவிடும். அந்தத் துண்டு இன்றும் என் மேஜையில் இருக்கிறது, அருமையாக இருக்கிறது. ஆனால் முழு அலமாரிக்கும் புதிதாக வரவழைத்தால் கப்பல் செலவோடு சேர்த்து மரத்தின் விலையைத் தாண்டிவிடும். அமெரிக்காவிலிருந்து வருகிற மச்சானிடம் சொல்லி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள், தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் தெருமுனையில் நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடும் பெரியவரிடம் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துப் பார்த்தார். "தம்பி, பசிச்ச மரத்துக்கு நேரா சாராயத்தை ஊத்துனா தாறுமாறாத்தான் குடிக்கும். முதல்ல ஒரு வாய் கஞ்சி குடு" என்றார். கஞ்சி என்று அவர் சொன்னது அரக்கு, தண்ணீர் மாதிரி நீர்த்த அரக்கு.

அரக்கு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்திலேயே நம் நாட்டில்தான் பெருமளவில் கிடைக்கிறது, அதிலும் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம். இதற்கென்றே ராஞ்சியில் 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார்கள். பாண்டவர்களை வைத்துக் கொளுத்தப் பார்த்த அதே அரக்கு, சேலைக்கடையில் 'அரக்குக் கலர்' என்று கேட்கிறோமே அதே அரக்கு. உருக்கி, வடிகட்டி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் அவல் மாதிரி இருக்கும், அதனால் அவலரக்கு. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல் பளபளப்பாகப் பூசுவதும் இதைத்தான்.

வாங்கும்போது ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண அவலரக்கில் இயற்கையாகவே கொஞ்சம் மெழுகு இருக்கும். அதன்மேல் பாலியூரித்தேன் (கடைசியில் அடிக்கும் பாதுகாப்பு வார்னிஷ்) அடித்தால் பிடிப்பு இல்லாமல் பின்னால் உரிந்து வரலாம். அதனால் 'மெழுகு நீக்கியது' என்று கேட்டு வாங்குங்கள். பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் விசாரித்தேன், ஒரு கடையில் மெழுகு நீக்கியது என்று சொல்லிக் கொடுத்ததைக் கரைத்தால் அடியில் பால் மாதிரி மண்டியது, அது நீக்காத சரக்கு. கடைசியில் ஆன்லைனில் 100 கிராம் பாக்கெட் வாங்கினேன். கரைத்தபோது தெளிந்த டிகாஷன் நிறத்தில், அடியில் எதுவும் நிற்காமல் இருந்தது. இதுதான் பரீட்சை: கரைத்து ஒரு நாள் வைத்தபின் வெள்ளைப் படிவு இருந்தால் மெழுகு இருக்கிறது. அப்படி இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம், மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துப் பயன்படுத்தலாம்.

அளவு: 50 கிராமுக்கு அரை லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதச் சரக்கு. கொரோனா காலத்தில் வாங்கிய கை கழுவும் சானிடைசரில் கரைக்கப் பார்க்காதீர்கள், அதில் தண்ணீர் இருக்கிறது. ஊறுகாய் பாட்டில் மாதிரி கண்ணாடியில் கரையுங்கள். தகர டப்பா கூடாது, அரக்கு இரும்போடு சேர்ந்தால் கருத்துவிடும். போட்டதும் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அவ்வப்போது குலுக்கிவிட வேண்டும். நான் ராத்திரி போட்டு காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். கரைத்ததைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள், பழசானால் காயாமல் பிசுபிசுக்கும். தகடாக இருக்கும்வரை நிழலில் வைத்தால் போதும், நாள்பட இருக்கும்.

பூசுவது ஐந்து நிமிட வேலை. 180 நம்பர் தேய்த்த மரத்தில், துணியில் நனைத்து, இழை ஓடும் திசையில் ஒரே இழுப்பு, திரும்பிப் போகக் கூடாது. முனைகளுக்கு மட்டும் இரண்டு கை. ஒரு மணி நேரத்தில் காய்ந்து, மரம் சொரசொரவென்று முள் எழும்பி நிற்கும். 320 உப்புத்தாளை விரல் பாரத்துக்கு மேல் அழுத்தாமல் ஒரு ஓட்டு ஓட்டினால் வெள்ளைத் தூள் உதிர்ந்து, கை வைத்தால் கோழிமுட்டை ஓடு மாதிரி இருக்கும். அந்தத் தொடுகை வந்துவிட்டால் கஞ்சி குடித்தாயிற்று என்று அர்த்தம்.

இப்போது கலர். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். முதலில் வாங்கிய அதே வால்நட் ஸ்டெயினை அரக்கின் மேல் போட்டேன். அதில் இருந்த காரமான தின்னர் அடியில் இருந்த அரக்கைக் கரைத்து, துணியோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அரக்கின் மேல் டர்பன்டைனில் கலக்கிற சரக்குதான் போக வேண்டும். பாய் உள்ளே போய் ஒரு கருப்பு டப்பாவை எடுத்துவந்தார். பிளாக் ஜப்பான். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், தார் கலந்த கருப்பு வார்னிஷ், கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிப்பது. "இதுவா?" என்றேன். "தண்ணியாக்கிப் பாருங்க, கருப்பு போயிடும்" என்றார்.

உண்மைதான். ஒரு பங்குக்கு மூன்று பங்கு டர்பன்டைன் சேர்த்தால் கருப்பு கரைந்து, கதகதப்பான ஒரு பழுப்பு வருகிறது, கருப்பட்டிப் பாகு நிறம். ஆஸ்திரேலியாவில் பழைய வீடுகளின் பைன் பலகைத் தரைகளுக்கு இதைத்தான் அடித்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன், விரிப்பு மூடாத ஓரங்களை மட்டும் கருப்பாக்குவார்களாம். இரும்புச் சரக்கு என்று நான் ஏளனமாக நினைத்ததற்கு அவ்வளவு பெரிய பரம்பரை!

ஆனால் இங்கே எந்த டப்பாவிலும் எழுதாத ஒரு சங்கடம் வந்தது. நிறம் சமமாக வேண்டும் என்றால் மரத்தின் வாயை அடைக்க வேண்டும், வாயை அடைத்தால் நிறம் ஏறாது. அடர்த்தியும் சமமும் ஒரு சட்டியில் வேகாது. முதல் கை பூசி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தபோது தேமல் சுத்தமாக இல்லை, ஆனால் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்தால் தாத்தாவும் பேரனும் மாதிரி இருந்தது. சரி, இரண்டாவது கை போடலாம் என்று துணியை வைத்தால், புது டர்பன்டைன் பழைய கலரைக் கரைத்து எடுக்கிறது. அரை மணி நேரம் துடைத்துத் துடைத்து ஆரம்பித்த இடத்திலேயே நின்றேன்.

வழி எளிது. முதல் கை நன்றாகக் காய்ந்ததும் (வெயில் நாளில் ஒரு நாள், மழை நாளில் இரண்டு) அதன்மேல் மறுபடி நீர்த்த அரக்கு ஒரு கை. ஆல்கஹால் தாரை அவ்வளவாகத் தொடாது, டர்பன்டைன் அரக்கைத் தொடாது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் அடுக்கடுக்காக ஏறும். கலர், அரக்கு, கலர், அரக்கு. மூன்றாவது சுற்றில் பீரோ நிறம் வந்துவிட்டது. ஒரு பலகை மட்டும், வேறு மரத்திலிருந்து வந்தது போலும், வெளுப்பாகவே நின்றது. அதற்கு பாய் தன் வித்தையைக் காட்டினார். ஸ்பிரிட்டில் கரையும் பழுப்புச் சாயத்தூள், குண்டூசித் தலையளவு, அதை அரக்கிலேயே கலந்து பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு அந்தப் பலகையில் மட்டும் ஏழெட்டுத் தடவை லேசாக ஓட்டினார். நிறம் மரத்துக்குள் போகவே இல்லை, படலத்திலேயே நிற்கிறது. மரம் என்ன குணமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பொறுமையும் கையும் இருப்பவர்கள் முழு அலமாரியையும் இப்படியே செய்யலாம். எனக்கு இரண்டும் இல்லை.

மேல்பூச்சுக்கு, ஒரே டப்பாவில் வரும் எண்ணெய் வகைப் பாலியூரித்தேன், பளபளப்பு இல்லாதது, இரண்டு கை. நீர் வகையும் இருக்கிறது, வாசனை குறைவு, ஆனால் அடர்நிறத்துக்கு எண்ணெய் வகை தரும் லேசான மஞ்சள் பொருத்தமாக இருக்கிறது. கடைசி அரக்குக் கையைத் தவிர்த்துவிட்டு நேராகக் கலர் மேல் இதை அடிக்காதீர்கள், தார் மேலே கசிந்து வந்து படலம் காயாமல் படுத்தும். மெலமைன் பாலிஷ் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தொழிற்சாலையில் அடியுங்கள், குழந்தை தூங்கும் அறையில் வேண்டாம், கண் எரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பிளாக் ஜப்பான் வாசனை ஒரு வாரம் வீட்டை விட்டுப் போகாது, ரோடு போடுகிற நாள் மாதிரி. சாப்பாட்டு மேஜைக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். தார் ஒரு பக்கம், சூடான பாத்திரம் வைத்தால் அரக்கு இளகும் என்பது இன்னொரு பக்கம். ஐப்பசி மழையில் அரக்கு பூசினால் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கி வெண்மையாகப் பூத்துவிடும். நான் பயந்துபோனேன், பாய் சிரித்துக்கொண்டே கொஞ்சம் ஸ்பிரிட் தொட்ட துணியை ஓட்டினார், மறைந்தது. பொதுவாக, வெளியே துணி காய்கிற நாளில் செய்யுங்கள். எண்ணெய்ச் சரக்கு துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டு அப்புறம் போடுங்கள். எங்கள் மொட்டை மாடிக் கொடியில் கருப்புக் கந்தல்கள் தொங்கியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

செலவு என்று பார்த்தால் அரக்கு, ஆல்கஹால், கால் லிட்டர் பிளாக் ஜப்பான், டர்பன்டைன், உப்புத்தாள் எல்லாம் சேர்த்தும் அந்த ஜெல் ஸ்டெயின் ஒரு டப்பாவின் விலையைத் தொடவில்லை. நேரத்தைச் சேர்த்தால் கணக்கு மாறும். சின்னச் சாமான், அவசரம், காசு பரவாயில்லை என்பவர்களுக்கு ஜெல்தான் சரி. ஆறடி அலமாரி, பொறுமை உண்டு, காசுதான் இல்லை என்பவர்களுக்கு இது. மதிப்பெண் கேட்டால் அவலரக்குக்கு ஐந்துக்கு ஐந்து, பிளாக் ஜப்பானுக்கு மூன்றரை. அரை மதிப்பெண் பாயின் முகத்துக்காக.

இப்போது அலமாரி பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாசலிலிருந்து பார்த்தால் ஒரே ஆசாரி ஒரே மரத்தில் செய்தது போல் இருக்கிறது, கிட்டே போனால்தான் பைனின் வளையங்கள் மங்கலாகத் தெரியும், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது. பின்பக்கப் பலகையில் அந்த முதல் நாள் தேமல் அப்படியே இருக்கிறது. சுவரைப் பார்த்துத்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க நகர்த்தும்போது வீட்டில் பார்க்கத்தான் போகிறார்கள்.